பித்தநீரும் சர்க்கரையும்: எங்கே குழம்புகிறோம்?

மீன் வெட்டும் இடத்தில் எனக்கு முன்னால் நின்றவர், ரோகு மீனின் பித்தப்பையை உடையாமல் எடுத்துத் தனியாகக் கட்டித் தரச் சொன்னார். "அது எதுக்குண்ணே, கசக்குமே?" என்றார் வெட்டுபவர். "கசந்தாத்தான் சுகருக்கு நல்லது. அப்படியே முழுங்கிடணும்" என்று பதில் வந்தது.

எனக்குத் திக்கென்றது. ரோகு போன்ற கெண்டை இன மீன்களின் பித்தத்தில் சிப்ரினால் சல்பேட் என்ற நஞ்சு இருக்கிறது. விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். அடுத்த சில நாட்களில் சிறுநீர் குறையும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இந்தத் தவறு பணத்தையும் நேரத்தையும் மட்டுமல்ல, ஆளையே தின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை, பித்தநீருக்கும் சர்க்கரைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. ஆனால் அது மீனின் பித்தமல்ல, நம்முடையது. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. சாப்பிட்டதும் அவை குடலுக்குள் இறங்கிக் கொழுப்பைக் கரைக்கின்றன. பிறகு சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே போகிறது. ஒரு நாளில் இப்படிப் பல சுற்று. போகிற வழியில் குடல் சுவரில் இருக்கும் எல் செல்களை டி.ஜி.ஆர்.5 என்ற ஏற்பி (சமிக்ஞையை வாங்கும் புரதம்) வழியாகத் தட்டி எழுப்புகின்றன. அந்தச் செல்கள் ஜி.எல்.பி.-1 ஹார்மோனை விடுகின்றன. இன்சுலின் சுரக்கத் தூண்டுவது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது, பசியை அடக்குவது எல்லாம் அதன் வேலை. இப்போது ஊரெல்லாம் பேசும் செமாகுளுடைட் ஊசி போடுவதும் இதே ஹார்மோனின் வேஷம்தான்.

உடனே "பித்தநீர் அதிகமானால் சுகர் இறங்கும்" என்று கணக்குப் போடக் கூடாது. கோலெசெவெலாம் என்ற மருந்து செய்வது நேரெதிர்: குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக் கட்டி மலத்தோடு வெளியேற்றுகிறது. அதற்கும் சுகர் குறைகிறது! டைப் 2 நீரிழிவுக்கு அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்தது, ஹெச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு) சுமார் 0.5 சதவீதப் புள்ளி இறங்கும், அவ்வளவுதான். பித்த அமிலங்கள் தட்டும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற இன்னொரு ஏற்பியின் கதை இன்னும் சிக்கல். எலியின் குடலில் அதைத் தூண்டியும் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள், அடக்கியும் கண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் "பித்தத்தைச் சீராக்கும்" மாத்திரையை ஆன்லைனில் வாங்குவதும், பித்தக்கல்லுக்குத் தரும் உர்சோ மாத்திரையை சுகருக்காகத் தானே போட்டுக்கொள்வதும் வீண்.

அடுத்தது நம் மொழியே போடும் முடிச்சு. சித்த மருத்துவம் சொல்லும் பித்தம் வேறு, கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் வேறு. காலையில் தலைசுற்றி வியர்த்தால் "பித்தம்" என்று எலுமிச்சைச் சாறில் உப்புப் போட்டுக் குடிப்போம். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உப்பு உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

பித்தப்பையை எடுத்தவர்கள் பித்தநீரே நின்றுவிட்டதாக நினைக்கிறார்கள். சேமிக்கும் பைதான் போயிற்று. கல்லீரல் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. சிலருக்கு அதனால் அடிக்கடி வயிற்றால் போகும். சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பித்த அமிலம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால், இரண்டும் சேர்ந்தால் அவஸ்தை கூடலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், ஆபரேஷன் விவரத்தையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு, குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமைன் பவுடர் எழுதித் தந்தால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பவுடர் அந்த மாத்திரையையும் பிடித்துக்கொண்டு போய்விடும்.