பெருமழை வருமா? செல்போனில் நாமே பார்க்கலாம்

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அது புயல்கூட இல்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி, அதாவது வானத்தில் காற்று வட்டமடிப்பது. அதற்கு அப்புறம்தான் நான் வானிலைப் படம் பார்க்கப் பழகினேன். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

1. சுழற்சி எங்கே?

விண்டி (Windy) என்ற வானிலைச் செயலியைத் திறந்து காற்றுப் படத்துக்குப் போங்கள். உயரத்தை 1500 மீட்டரில் வையுங்கள். கோடுகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் இடம்தான் சுழற்சி.

அது சென்னைக்குக் கிழக்கே நின்றால் நம் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுதான். டிவியில் சென்னையைக் காட்டிப் பதறிக்கொண்டிருப்பார்கள், நாம் வத்தல் காயப்போடலாம். இலங்கைக்குத் தெற்கே, குமரிக்கடல் பக்கம் வந்தால்தான் நமக்குச் சோலி. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேரே உள்ளே வரும். மேற்கு மலை அதை மேலே ஏற்றிவிடும், ஏறின ஈரம் குளிர்ந்து கொட்டும். 2023-லும் சுழற்சி இருந்தது குமரிக்கடல் பக்கம்தான்.

கீழே உள்ள நாள் பட்டையைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள். சட்டென்று அரபிக்கடலுக்குப் போய்விடுகிறதா, அங்கேயே கிடக்கிறதா? கிடந்தால் உஷார்.

2. இரண்டு மாதிரிகளை ஒப்பிடுங்கள்

மாதிரி என்பது கம்ப்யூட்டர் போடும் வானிலைக் கணக்கு. செயலியில் ஈசிஎம்டபிள்யூஎஃப் (ECMWF, ஐரோப்பிய மாதிரி), ஜிஎஃப்எஸ் (GFS, அமெரிக்க மாதிரி) இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சுழற்சியை ஏறக்குறைய ஒரே இடத்தில் வைத்தால் நம்பலாம். ஒரு வாரத்துக்கு அப்பால் காட்டுவதை நான் பார்ப்பதே இல்லை, வீண் கிலி.

ஊர்ப் பெயரைத் தட்டினால் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு எண் வரும். அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகின்றன. ஒரே கட்டத்துக்குள் மலைச்சரிவும் வரும், சமவெளியில் பிசான நெல் வயலும் வரும்.

3. வானிலை மையத்தின் எச்சரிக்கை

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு தெரிந்ததுதான். ஒரு நாளில் 20.4 செ.மீ. தாண்டினால் அதிகனமழை. அதற்கு மேல் வரம்பு கிடையாது. 21-ம் அதிகனமழைதான், 95-ம் அதிகனமழைதான்.

4. வீட்டு மழைமானி

அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மரம், கூரை ஒட்டாத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை 8:30-க்கு ஸ்கேலால் அளந்துவிட்டுக் கொட்டுங்கள். நீரின் உயரம்தான் மழையளவு. டப்பா எத்தனை அகலமானாலும் கணக்கு மாறாது.

5. அணையும் குளமும்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணை பாதி கிடக்கும்போது மலையில் 20 செ.மீ. பெய்தால் சந்தோஷம். அணை தளும்பி, ஊர்க் குளமும் நிரம்பி மறுகால் பாயும்போது அதே 20 செ.மீ. வந்தால் கதையே வேறு.

அதனால் தினமும் காலையில் அணைக்கு மேலே மலையில் இருக்கும் மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு மழையளவைப் பாருங்கள், நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி. அணை நிறைந்திருந்து, சுழற்சியும் குமரிக்கடலில் நின்றால், தாமிரபரணி ஆற்றோரம் மோட்டார் வைத்திருப்பவர்கள் பொழுது சாயுமுன் கழற்றி மேட்டில் ஏற்றிவிடுங்கள். ஆட்டையும் மாட்டையும் அதற்கும் முன்னாலேயே.