எந்தச் சட்டிக்கு எந்த எண்ணெய்

நான் பிறந்தது விருதுநகர், வாழ்க்கைப்பட்டது நாகர்கோவில். அம்மா வீட்டில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். மாமியார் வீட்டில் தாளிப்பிலிருந்து அப்பளம் வரைக்கும் தேங்காய் எண்ணெய். இன்றைக்கு என் அடுப்படியில் மூன்றும் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை.

முதலில் சூட்டைப் பாருங்கள். வடை, முறுக்கு பொரிய எண்ணெய் 170, 180 டிகிரிக்கு ஏற வேண்டும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் 160 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பித்துவிடும், நுரைத்துப் பொங்கவும் செய்யும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். அதனால் பொரிக்க மட்டும் அது. தோசைக்கும் பொரியலுக்கும் செக்கெண்ணெய். சூரியகாந்தி எண்ணெயில் பொரிக்க வேண்டாம் என்பேன். சட்டென்று புகையாது, ஆனாலும் நெடுநேரம் காய்ந்தால் சீக்கிரம் கெடுகிற கொழுப்பு அதில் அதிகம்.

புளிக்குழம்பு, புளியோதரை, இட்லிப் பொடி, ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்தான். எள்ளிலேயே சிக்கு வாடை வராமல் காக்கிற சத்து இருக்கிறது. கருப்பட்டி போட்டு ஆட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். விளக்கேற்ற என்று விலை குறைத்து விற்பதைச் சமையலுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியதும் தாளிப்பை வேறு எண்ணெய்க்கு மாற்றினேன், அவியலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை விடவில்லை. அடுப்பை அணைத்த பிறகு பச்சையாக ஒரு கரண்டி ஊற்றி, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். திறக்கும்போது வருகிற மணத்துக்கு அந்த ஒரு கரண்டியே போதும்.

வடை சுட்ட எண்ணெயோடு புது எண்ணெயைக் கலந்து கலந்து நானும் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன். தப்பு. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெயே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுதலான பொருளாக மாறிவிடும். எண்ணெயில் அந்தக் கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது, கண்ணால் பார்க்கலாம்: கறுத்து, பிசுக்கேறி, நுரை அடங்காமல் நின்றால் கொட்டிவிடுங்கள். குழிவான சின்னச் சட்டியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரித்தால் மீதியே வராது. மிஞ்சியதை வடிகட்டி, இரண்டு நாளைக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுவேன்.

அளவு, தலைக்கு மாதம் அரை லிட்டர். நாங்கள் நாலு பேர், மூன்று எண்ணெயும் சேர்த்து இரண்டு லிட்டர். மாதக் கடைசியில் தூக்கு காலியானால் ஒன்றாம் தேதி வரைக்கும் இட்லி, இடியாப்பம், புட்டு.