பழைய பெட்ரோல் காரை சிஎன்ஜிக்கு மாற்றுவது: கிட் வாங்கும் முன்பே தொடங்கும் வேலை

சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை வாயு, பெரும்பாலும் மீத்தேன்) கிட்டை மாட்டுவது பெரிய வேலையே இல்லை. பழகிய கைகள் ஓரிரு நாளில் முடித்துவிடும். மாட்டிய பிறகு வண்டி ஒழுங்காக ஓடுமா, வாரத்துக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் நாம் செய்யும் (அல்லது செய்யாமல் விடும்) வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. சிலிண்டருக்குள் வாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். சிலிண்டர், அதன் வால்வு, உயர் அழுத்தக் குழாய் மூன்றையும் அங்கீகாரம் பெற்றவர்தான் மாட்ட வேண்டும். வீட்டுப் பரிசோதனைக்கு இது இடமில்லை.

படி 1: இன்ஜினின் நாடி பாருங்கள்

கம்ப்ரஷன் டெஸ்ட் (இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற சோதனை) எடுத்து எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் சந்தேகம் வால்வு மேலோ ஹெட் கேஸ்கெட் மேலோதான். அதைச் சரிசெய்யாமல் கிட் பக்கம் போகாதீர்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இன்ஜின் என்றால் வால்வு இடைவெளியையும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி) அளந்து குறித்து வையுங்கள். அவற்றில் வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் இடம்) பெரும்பாலும் வெறும் வார்ப்பிரும்பு. வாயுவில் ஓடும்போது அது வேகமாகத் தேயும். வால்வு உள்ளே இறங்க இறங்க இடைவெளி குறையும்.

படி 2: பொறி

பெட்ரோல் கலவையைவிட வாயுக் கலவையைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவை. பெட்ரோலில் சமாளித்துக்கொண்டிருந்த பழைய பிளக் ஒயர் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். 'ஒயர் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது' என்று நானும் விட்டேன். மூன்றாம் நாள், மேட்டில் ஏறும்போது பானட்டுக்குள் படாரென்று ஒரு சத்தம். ஏர் ஃபில்டர் மூடியின் கிளிப்புகள் தெறித்து, ஃபில்டர் காகிதம் கிழிந்து கிடந்தது. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன்: மூன்றாவது ஒயரிலிருந்து இன்ஜின் ஹெட்டுக்கு நீலப் பொறி தாவிக்கொண்டிருந்தது. பிளக்கில் பற்றாத கலவைதான் காற்றுப் பாதையில் வெடித்திருக்கிறது.

பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைப்பது வழக்கம். அளவைக் கிட்டின் கையேட்டில் பாருங்கள்.

படி 3: எந்த கிட்?

கார்புரேட்டர் வண்டிக்கு, காற்றுப் பாதையிலேயே வாயுவைக் கலக்கும் மிக்சர் வகை. இன்ஜெக்டர் வண்டிக்கு, இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வாயு செலுத்தும் சீக்வென்ஷியல் வகை. இன்ஜெக்டர் வண்டியில் மலிவென்று மிக்சரை மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றுப் பாதை முழுக்க எரியக்கூடிய கலவை நிற்பதால், என் ஃபில்டருக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.

படி 4: டிக்கி

60 லிட்டர் எஃகு சிலிண்டரே ஏறக்குறைய 60 கிலோ எடை. அதில் பிடிப்பது 10 கிலோ வாயு போல. ஆற்றல் கணக்கில் சுமார் 15 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். டிக்கியில் இடம் போய்விடும், பின் ஸ்பிரிங்கும் தாழும். பழைய வண்டியில் இன்னொன்று: டிக்கி விரிப்பைத் தூக்கி, தகரத்தை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். துரு உதிர்ந்தால் முதலில் வெல்டிங். சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி, சோதனைத் தேதி இரண்டையும் நீங்களே படித்துவிடுங்கள்.

படி 5: மாட்டும் நாளில் கூடவே நில்லுங்கள்

வாயுவின் அழுத்தம் ரெடியூசரில் (அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) சட்டென்று இறங்கும்போது கடும் குளிர் உண்டாகும். அதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் கூலன்ட் குழாய் ரெடியூசருக்கும் போகிறது. அந்த இணைப்பில் காற்று தங்கினால் ரெடியூசர் மேல் வெண்பனி படர்ந்து இன்ஜின் இருமும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வாயுக் குழாய் போகக் கூடாது. சிலிண்டர் வால்வை மூடும் உறையிலிருந்து ஒரு குழாய் காருக்கு வெளியே திறந்திருக்க வேண்டும்.

முதல்முறை வாயு நிரப்பியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி ஒன்று வந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

படி 6: ட்யூனிங், காகிதம்

மீத்தேன் மெதுவாக எரிவதால் இக்னிஷன் டைமிங்கைச் (பிளக்கில் பொறி விழும் நேரம்) சற்று முன்னே தள்ள வேண்டும். கலவையைக் காதால் கேட்டு அல்ல, புகை அளக்கும் கருவியை வைத்துச் சரிசெய்யட்டும். அப்படியும் இழுவை 10 சதவீதம் அளவுக்குக் குறையும். அது கோளாறு அல்ல. பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் எரிபொருள் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள்.

காலையில் பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடேறியதும் வாயுவுக்கு மாறுங்கள். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருக்கும் வண்டியில் கால் டேங்காவது பெட்ரோல் வேண்டும். பம்ப்பைக் குளிரவைப்பதே அதுதான்.

5,000 கிலோமீட்டர் ஓடியதும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வால்வு இடைவெளியை மறுபடி அளங்கள். எண் இறங்கியிருந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் வளையம் போடச் சொல்லுங்கள்.