டான்யூப் கரையோரம் நிதானமாக ஒரு சைக்கிள் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் போக ஆசை, ஆனால் காலேஜ் முடித்த பிறகு சைக்கிளையே தொட்டதில்லை என்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பாதை ஒன்று உண்டு. ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரத்தில் தொடங்கி, டான்யூப் நதி கூடவே ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து, வியன்னாவில் முடியும் பாதை அது. மொத்தம் சுமார் 320 கி.மீ. இத்தாலியின் டஸ்கனியும் அழகுதான். ஆனால் அங்கே பாதி ஊர்கள் குன்றின் மேல் இருக்கின்றன, வெயிலில் மூச்சு வாங்க ஏறித்தான் போய்ச் சேர வேண்டும். டான்யூப் பாதை நதியை ஒட்டியே போவதால் ஏற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நதி ஓடும் திசையில் போகிறோம் என்பதால் வழி நெடுக மிக லேசான இறக்கம்தான். பெரும்பகுதி தார் போட்ட தனிச் சைக்கிள் பாதை.

இந்தப் பாதையில் மெல்க் ஊருக்கும் கிரெம்ஸ் நகரத்துக்கும் இடையே இருக்கும் வாஹாவ் பள்ளத்தாக்குதான் திராட்சை விளையும் பகுதி. நீளம் சுமார் 36 கி.மீ. மட்டுமே. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. வேகமாக மிதித்தால் ஒரு காலைப் பொழுதில் கடந்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த 36 கி.மீ.க்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். மற்ற திட்டங்களை இதைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போகலாம். ஏப்ரல் தொடக்கத்தில் ஆப்ரிகாட் மரங்கள் பூத்துக் குலுங்கும். ஜூலையில் அந்தப் பழம் சாலையோரக் கடைகளில் குவிந்து கிடக்கும், ஆனால் கூட்டமும் வெயிலும் அதிகம். என்னைக் கேட்டால் செப்டம்பர் பின்பாதி. வெயில் தணிந்திருக்கும், அறுவடை தொடங்கியிருக்கும், பாதி நொதித்த ‘ஷ்டுர்ம்’ என்ற கலங்கலான இனிப்பு பானமும் அப்போதுதான் கிடைக்கும்.

விசா ஷெங்கன் விசாதான். ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுக்கும் ஒன்றே போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

2. வழிகாட்டியோடா, தனியாகவா?

டூர் நிறுவனங்கள் இரண்டு விதமாக நடத்துகின்றன. ஒன்றில் வழிகாட்டி ஒருவர் குழுவோடு கூடவே ஓட்டி வருவார். மற்றதில் வரைபடமும் ஹோட்டல் பதிவும் கொடுத்துவிடுவார்கள், பெட்டிகளை மட்டும் வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அறிவிப்புப் பலகைகள் தெளிவாக இருப்பதால் இந்தப் பாதையில் வழி தவறுவது கடினம். ஆனாலும் முதல் பயணம் என்றால் வழிகாட்டியோடு போங்கள். பஞ்சர் ஆனால் அவர் பார்த்துக்கொள்வார் என்பது சின்ன விஷயம். எந்தத் தோட்டக்காரர் இன்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும், அதற்காகத்தான் காசு.

பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ., முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வேன் பின்னால் வருமா, இ-பைக் கிடைக்குமா, படகுக் கட்டணமும் ஒயின் சுவைத்தலும் சேர்த்தியா, சைவச் சாப்பாடு உண்டா, வாஹாவில் எத்தனை இரவு. தினமும் 30 முதல் 45 கி.மீ. என்றால் நிதானமான பயணம். 60 என்றால் அது வேறு ரகம்.

3. உடம்பைப் பழக்குங்கள்

கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சைக்கிளை எடுங்கள். 10 கி.மீ.யில் ஆரம்பித்து 25க்குக் கொண்டு வாருங்கள். முதலில் வலிப்பது கால் அல்ல, உட்காரும் இடம். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் இரண்டு வாங்கி, பயிற்சியின்போதே போட்டுப் பழகுங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, உராய்ந்து புண்ணாகிவிடும்.

4. சைக்கிளைக் கையில் வாங்கும்போது

அவசரப்படக் கூடாத இடம் இது. முதலில் சீட். அதில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடிந்தே இருந்தால் சீட்டை உயர்த்தச் சொல்லுங்கள். நம் ஊரில் தரையில் கால் நன்றாக ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்தே பழகியிருப்போம். அப்படியே நாள் முழுக்க மிதித்தால் மாலையில் முழங்கால் கெஞ்சும்.

அடுத்தது பிரேக். அங்கே பொதுவாக இடது கைப் பிடி முன் சக்கரத்துக்கு, வலது கைப் பிடி பின் சக்கரத்துக்கு. நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் இது தலைகீழ். பழக்க தோஷத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். சில வாடகைச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தாலும் பிரேக் விழும். எது எது என்று கேட்டுவிட்டு, கடை வாசலிலேயே நாலு சுற்று ஓட்டிப் பாருங்கள். போக்குவரத்து வலது பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் திருப்பத்தில் மனதுக்குள் ‘வலது’ என்று சொல்லிக்கொள்வது நல்லது. ஹெல்மெட் 12 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

5. வாஹாவில் முதல் நாள்: மெல்க்கிலிருந்து ஷ்பிட்ஸ்

காலையில் மெல்க் மடத்தைப் பாருங்கள். 1089இல் தொடங்கிய பெனடிக்டைன் துறவிகளின் மடம் அது. பாறைமேல் மஞ்சளாக நிற்கும் இன்றைய கட்டடம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நூலகத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

அப்புறம் தென்கரையைப் பிடியுங்கள். புகழ்பெற்ற ஊர்கள் எல்லாம் வடகரையில்தான், ஆனால் வாகனச் சத்தமும் அங்கேதான். தென்கரையில் ஆக்ஷ்டைன் கோட்டையின் இடிபாடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனால், ஆப்ரிகாட் தோப்புகள் நடுவே ஆர்ன்ஸ்டார்ஃப் வரும். அங்கிருந்து ஷ்பிட்ஸுக்குப் படகு. இந்தப் படகுக்கு எஞ்சின் கிடையாது. நதிக்குக் குறுக்கே உயரத்தில் கட்டிய இரும்பு வடத்தோடு படகு பிணைக்கப்பட்டிருக்கும். படகுக்காரர் சுக்கானைத் திருப்பிப் படகைச் சற்றுச் சாய்வாக நிறுத்துவார். நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் உரசும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. சைக்கிளோடு ஏறலாம். அன்றிரவு ஷ்பிட்ஸில் தங்குங்கள்.

6. இரண்டாம் நாள்: மெதுவாக, இன்னும் மெதுவாக

ஷ்பிட்ஸிலிருந்து வைசென்கிர்ஹென் வழியாக டூர்ன்ஸ்டைன் வரை பாதை திராட்சைக் கொடிகளுக்குள்ளேயே போகிறது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கட்டிய கல் சுவர்கள். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் வைக்காமல் கல்லின் மேல் கல்லை அடுக்கியே கட்டியவை. பகலில் கல் வாங்கிய சூட்டை இரவில் கொடிகளுக்குத் திருப்பித் தருகிறது. வடக்கே இருக்கும் காட்டு மேட்டிலிருந்து இரவில் குளிர்ந்த காற்று இறங்குகிறது. இந்தச் சூடும் குளிருமாகப் பழம் மெதுவாகப் பழுப்பதால்தான் இங்கத்திய வெள்ளை ஒயினில் மணமும் புளிப்பும் சேர்ந்து நிற்கின்றன.

டூர்ன்ஸ்டைனில் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கோட்டைக்கு நடந்து ஏறுங்கள், அரை மணி நேரம் போதும். சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட், 1192 கடைசியில் பிடிபட்டு அடைபட்ட இடம் இது. மேலிருந்து பார்த்தால் நதி வளைவதும், வந்த வழியும், போக வேண்டிய வழியும் ஒரே பார்வையில் தெரியும். இங்கிருந்து கிரெம்ஸ் 8 கி.மீ. கூட இல்லை.

7. ஒயின் சுவைக்கும் முறை

தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினை வீட்டு முற்றத்திலேயே விற்கும் இடத்துக்கு ‘ஹொய்ரிகர்’ என்று பெயர். 1784இல் பேரரசர் இரண்டாம் யோசஃப் கொடுத்த அனுமதி இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. வாசலில் கம்பில் பச்சைத் தழை கட்டித் தொங்கினால் இன்று திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு குடும்பம் சில வாரம் திறக்கும், பிறகு அடுத்தவர் திறப்பார். கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

முதலில் க்ரூனர் வெல்ட்லினர் என்ற வெள்ளை ஒயினைக் கேளுங்கள், லேசான மிளகு வாசனை வரும். அடுத்து ரீஸ்லிங். பாட்டிலில் மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும். ஷ்டைன்ஃபெடர் மிக லேசானது, ஆல்கஹால் 11.5 சதவீதத்தைத் தாண்டாது. ஃபெடர்ஷ்பீல் நடுத்தரம், 12.5 வரை. ஷ்மரக்ட் அதற்கும் மேல், கனமானது. பகலில் சைக்கிள் ஓட்டும்போது முதலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஷ்மரக்ட் இரவுக்கு. ‘ஆக்டெல்’ என்று கேட்டால் 125 மில்லி வரும், அதையும் இருவர் பகிரலாம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு உண்டு, 0.8 பெர்மில், அதாவது ஆயிரத்தில் 0.8 பங்கு. தாண்டினால் கடும் அபராதம்.

மது தொடாதவர்களுக்கும் அந்த முற்றத்தில் இடம் உண்டு. அதே தோட்டத்துத் திராட்சைச் சாறும் ஆப்ரிகாட் சாறும் பிரமாதமாக இருக்கும். சைவர்களுக்கு லிப்டவர் என்ற மிளகாய்த்தூள் சேர்த்த பாலாடைக்கட்டி விழுது, ரொட்டி, முழு ஆப்ரிகாட்டை மாவுக்குள் வைத்து அவிக்கும் கொழுக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும், பழமும் தண்ணீரும் சனியன்றே வாங்கிவிடுங்கள்.

8. திரும்பும் வழி

கால் ஒத்துழைத்தால் கிரெம்ஸிலிருந்து துல்ன் வழியாக வியன்னா வரை மிதிக்கலாம், பாதை சமதளம். இல்லையென்றால் கிரெம்ஸிலேயே ரயில் ஏறுங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வியன்னா. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. துணியில் நன்றாகச் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.