பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கதையும் வரலாறும் சொல்வது எப்படி

நம் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் பெரும்பாலும் நேராக ராஜராஜ சோழனில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பேரரசனும் அவன் பிடித்த நாடுகளின் பட்டியலும் ஒன்றும் செய்யாது, காதில் விழும், போய்விடும். முதலில் உங்கள் ஊரில், அல்லது உங்கள் அப்பா அம்மாவின் ஊரில், நடந்துபோய்த் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏரிக்கரையில் ஒரு அய்யனார் இருப்பார், அவருக்கு முன்னால் மண்குதிரை நிற்கும். உங்கள் குலதெய்வத்துக்கு ஒரு கதை இருக்கும், அது உங்களுக்கே பாதிதான் தெரியும். மீதியைப் பூசாரியிடமோ ஊரில் இருக்கிற பெரியம்மாவிடமோ கேளுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அப்பாவுக்கும் தெரியாத ஒன்றை இன்னொருவர் சொல்லக் கேட்பதுதான் ஒரு பிள்ளைக்கு வரலாற்றில் முதல் பாடம்.

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை வரலாறே வேண்டாம், நாட்டார் கதை போதும். அத்திரிபாச்சா கதையில் ஆரம்பிக்கலாம். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு, பெயர் மறந்துவிடக் கூடாதே என்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதிக்கிறான், அதற்கப்புறம் வாயில் அதுதான் வருகிறது. பிள்ளைகளைக் குதிக்க விடுங்கள், நீங்களும் குதியுங்கள். கதை கேட்கிறவர் "ம்" கொட்ட வேண்டும் என்ற பழைய வழக்கத்தையும் விடாதீர்கள். ம் நின்றால் கதையும் நிற்கும் என்று சொல்லிவைத்தால் பிள்ளை தூங்கிவிட்டதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியும்.

இந்தக் கதையில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வடிவத்தில், அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று அவன் மனைவியை அடிக்கிறான், அவள் நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்குகிறது, அப்போதுதான் பெயர் நினைவுக்கு வருகிறது. இதை அப்படியே சொல்ல வேண்டியதில்லை. அவனே கதவு நிலையில் இடித்துக்கொண்டான் என்று சொல்லுங்கள், சிரிப்பு குறையாது. நாட்டார் கதையை ஒவ்வொரு பாட்டியும் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றித்தான் சொல்லி வந்தார்கள், அந்த உரிமை உங்களுக்கும் இருக்கிறது. ஆனால் நடந்த வரலாற்றில் அந்த உரிமை கிடையாது. பிள்ளைக்குத் தாங்காது என்று தோன்றினால் அந்தப் பகுதியைச் சொல்லாமல் தள்ளிவைக்கலாம், மாற்றிச் சொல்லக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள், ஏனென்றால் பின்னால் அவர்கள் வேறு இடத்தில் உண்மையைப் படிக்கும்போது நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஏழெட்டு வயதில் வரலாற்றுக்கு வரலாம், அதற்கு நடுகல்லை, அதாவது சண்டையில் இறந்தவரின் நினைவாக நட்ட கல்லை, விட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது ஏறக்குறைய 1400 வருடத்துக்கு முன்னால். எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு காலத்துக்கு முன்னால் பெயரோடு கல்வெட்டு இருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே கல் இருக்கிறது. இந்த இரண்டையும் சொல்லிவிட்டு ஒரு தாளையும் பென்சிலையும் கொடுங்கள், நம் வீட்டில் யாருக்கு நடுகல் எடுக்கலாம், அதில் என்ன எழுதலாம் என்று கேளுங்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் செங்கம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்தான் நடுகற்கள் அதிகம். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாகவே பார்க்கலாம்.

ஆயிரம் வருடம், ஐந்நூறு வருடம் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு வெறும் சத்தம். இதற்கு ஒரு கயிறு போதும். நூறு வருடத்துக்கு ஒரு சாண் என்று முடிச்சுப் போடுங்கள், சாண் பிள்ளையின் கையாலேயே அளந்ததாக இருக்கட்டும். பாட்டி பிறந்தது முதல் முடிச்சுக்கு முன்பே வந்துவிடும். வ.உ.சி. சிறைக்குப் போன 1908 அந்த முடிச்சைக் கொஞ்சம் தாண்டி, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799 இரண்டே கால் சாண், தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்த 1010 பத்துச் சாணுக்குச் சற்று மேலே, கோவிவன் பதினான்காவது சாணில். புதிதாக ஒரு ஆளைப் பற்றிக் கேட்கும் போதெல்லாம் ஒரு துண்டுத் துணியில் பெயர் எழுதி அந்த இடத்தில் கட்டச் சொல்லுங்கள். சுவரில் மாட்டிவைத்தால் பிள்ளை தானே போய்ப் பார்க்கும், நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அப்புறம், கேட்டதையெல்லாம் நம்பாமல், அதே சமயம் எதையும் கேலி செய்யாமல் இருக்கப் பழக்குவது. இதுதான் இந்த வேலையில் முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். தஞ்சாவூர் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிழலைத் தேடச் சொல்லுங்கள். நீளமாக விழுந்து கிடக்கும், அதன் மேலேயே நடக்கலாம். அதோடு விட்டுவிடாமல், கல்வெட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அந்தக் கோயிலுக்காகக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களின், பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வீதியில் எந்த வீடு, ஆளுக்கு வருடத்துக்கு 100 கலம் நெல் என்று சுவரில் வெட்டிவைத்திருக்கிறான் ராஜராஜன். தையல்காரர், நாவிதர் எல்லோரும் வருகிறார்கள். இல்லாத அதிசயத்தை விட இது எவ்வளவோ பெரிது, எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால் கதையும் வரலாறும் கலந்தே கிடைக்கும். வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்துத் துரத்திய மண் அது, அதனால்தான் அங்கே கோட்டை கட்டினார்கள் என்பது கதை. விஜயநகரம் உட்பட வேறு ஊர்களுக்கும் இதே கதை உண்டு என்று சொல்லுங்கள், ஏன் எல்லா ஊரிலும் முயலே வருகிறது என்று பிள்ளையே யோசிக்கட்டும். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, கட்டபொம்மனுக்குத் தூக்கு, இது நடந்தது. அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துத் தள்ளிய கோட்டையைத் திரும்ப எழுப்பியதும் நடந்ததுதான். இப்போது நாம் பார்க்கிற கோட்டை 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சிவகங்கை அரசி வேலு நாச்சியாரின் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வேலு நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்டதும், நாச்சியார் ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டதும் வரலாறு. உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த குயிலியின் கதை மக்கள் வாய்வழியாக வந்தது, அந்தக் காலத்து ஆவணத்தில் சான்று உண்டா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். பிள்ளையிடம் இதை இப்படியே சொல்லலாம்: "சிவகங்கை மக்கள் இப்படிச் சொல்கிறார்கள், எழுதிவைத்த சான்றுதான் இன்னும் வேண்டும்." ஏழைப் பெண்களைப் பற்றி அந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்ற கேள்வியையும் கூடவே கேளுங்கள், பத்து வயதுக்கு அது நன்றாகப் புரியும்.

எதிரியைப் பற்றியும் சொல்லுங்கள். கும்பினிப் படையில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில், இருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறியாயுதத்தை வீசவும் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். 1801இல் மருது சகோதரர்களை ஒழிக்க வந்த படையில் அவரும் இருந்தார், அந்த அக்டோபரில் திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குச் சில சமயம் நம்மிடம் பதில் இருக்காது, பரவாயில்லை.

எந்த வீரனைச் சொன்னாலும் "இவர் நம்ம ஆளு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்று சிலைக்கும் விழாவுக்கும் சாதிக்கணக்குப் பார்க்கிறார்கள், அந்தக் கணக்கைப் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் வீட்டில்தான். கட்டபொம்மனைச் சொல்லும்போது அவரோடு நின்ற சுந்தரலிங்கத்தைச் சொல்லுங்கள், பூலித்தேவனைச் சொல்லும்போது அவரோடு நின்ற ஒண்டிவீரனைச் சொல்லுங்கள். சாதியைப் பற்றியே பேச வேண்டிய கதைகளும் உண்டு, முத்துப்பட்டன் கதை அப்படிப்பட்டது. அந்தணன் ஒருவன் சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, செருப்புத் தைக்கக் கற்று, மாடுகளைக் காக்கும் சண்டையில் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்கு இன்றும் தோல் செருப்புதான் காணிக்கை. பன்னிரண்டு வயதில் சொல்லலாம். நல்லதங்காள் கதைக்கு அவசரமே இல்லை, ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற கதையைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

வாளெடுத்தவர்களோடு நிறுத்திவிடவும் கூடாது. 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடக் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. சிறையில் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது, புத்தகத்தில் படிப்பதும் அந்தச் செக்குக்கு முன்னால் நிற்பதும் ஒன்றல்ல. ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்ந்து பின்னர் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை வரக் காரணமானவர். தேனிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, 1895இல் முடிந்த அந்த அணையின் தண்ணீரில்தான் அவர்கள் வயல் விளைகிறது.

கூத்துப் பார்க்கக் கூட்டிப்போங்கள், ஆனால் விடிய விடிய உட்கார வைக்காதீர்கள். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடந்தால், தரையில் மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனனைப் பார்க்க, அவன் வீழ்வதை நடிக்கும் படுகளத்தன்று போங்கள். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொடை விழாவில் வில்லுப்பாட்டு ஒரு மணி நேரம் கேட்டால் போதும்.

பார்த்துவிட்டு வந்ததும் பரீட்சை வைக்காதீர்கள். கதையை மாற்றிச் சொல்கிறானா, சொல்லட்டும். அடுத்த வாரம் அவன் தாத்தாவுக்குச் சொல்லும்போது எது நின்றது, எது போனது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு வேலையைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். அவர்கள் கதை சொல்லும்போது கைபேசியில் பதிவு செய்யுங்கள், கேள்வி கேட்கிற குரல் பிள்ளையின் குரலாக இருக்கட்டும். பதிவின் தொடக்கத்தில் சொல்பவர் பெயர், ஊர், தேதி, இந்தக் கதையை அவர் யாரிடம் கேட்டார் என்பதைச் சொல்ல வையுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள், மின்விசிறிச் சத்தமும் பதிவில் நிறைய ஏறும். பிறகு பிள்ளையும் நீங்களும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள், பாட்டி சொன்ன வட்டாரச் சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள், பொருள் தெரியாததை அவரிடமே கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவை இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள், சித்தி மாமா வீடுகளுக்கும் அனுப்புங்கள். அவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் "அது அப்படி இல்லை, எங்கம்மா வேற மாதிரி சொல்வாங்க" என்று கூப்பிடுவார். அதையும் பதிவு செய்யுங்கள்.