இதய வால்வு சத்திரசிகிச்சைக்குத் திருகோணமலையில் இருந்து கொழும்புக்குப் புறப்படுமுன்

முதலில் பல்லைக் காட்டுங்கள். சொத்தைப்பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் பற்றினால் பெரிய ஆபத்து. பிடுங்க வேண்டியதை முன்கூட்டியே பிடுங்கி, புண் ஆறவிட வேண்டும்.

உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுக்க, இரத்தம் உறையாமல் தடுக்கும் வோர்பரின் குளிசையும், இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் தேவை. திசு வால்வு (விலங்குத் திசுவால் ஆனது) பெரும்பாலும் 10 முதல் 15 வருடம். பிள்ளை பெற நினைப்பவர்கள் அதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். வோர்பரின் கருவைப் பாதிக்கும். வோர்பரின் எடுப்பவர்கள் முருங்கையிலை, வல்லாரை சாப்பிடுவதை நிறுத்தத் தேவையில்லை. ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்றால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும்.

கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, குளிசைகள், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை (கையைத் தூக்கிப் போடுவது கடினம்), இருமும்போது நெஞ்சோடு அணைக்கச் சின்னத் தலையணை.

பயம் இரவில்தான் கூடும். கேள்விகளை எழுதிவைத்துக் கிளினிக்கில் கேளுங்கள். செத்தவர் கதை சொல்ல வரும் உறவினருக்கு வாசலிலேயே தேத்தண்ணி கொடுத்தனுப்ப ஓர் ஆளை வையுங்கள். சிகிச்சைக்குப்பின் காரணமில்லாமல் அழுகை வருவதும் வழமை. இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நெஞ்செலும்பு பொருந்த 6 முதல் 8 கிழமை. அதுவரை தண்ணீர் வாளி, மோட்டார் சைக்கிள் இரண்டும் வேண்டாம். கோணேசர் கோயில் நேர்த்தியும் வைத்தியர் சரி சொன்ன பிறகுதான்.