வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு ஏதோ ஒரு மெட்ரிக் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுக்கத் தொண்டை வறளப் பாடம் நடத்துகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் வாட்ஸ்அப்பில் 'தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர், கைநிறையச் சம்பளம், தங்குமிடம் இலவசம்' என்று ஒரு போஸ்டர் வந்தால் மனசு அலைபாயத்தான் செய்யும். அந்த வேலைகள் எல்லாமே பொய் கிடையாது. மாலத்தீவிலும் வளைகுடாவிலும் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் பல வருடங்களாக வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கன்சல்டன்சிக்கு எதற்காக, எவ்வளவு, எப்போது பணம் கொடுப்பது என்ற இடத்தில்தான் வீட்டு நகையும் சீட்டுப் பணமும் போய்விடுகின்றன.

போன் போட்டதும் எல்லாரும் முதலில் கேட்பது 'எவ்வளவுங்க ஆகும்?' அதைக் கடைசியில் கேட்கலாம். முதலில் 'எந்த விசாவுங்க?' என்று கேளுங்கள். எந்த ஏஜென்சியாலும் அந்த நாட்டுச் சட்டம் கொடுக்காத ஒன்றை உங்களுக்கு வாங்கித் தர முடியாது, எத்தனை லட்சம் கட்டினாலும் சரி. தென்கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் ஈபிக் திட்டத்தில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று 7 நாட்டுக்காரர்களைத்தான் எடுக்கிறார்கள், நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே இடமில்லை. சீனாவிலும் ஆங்கிலம் தாய்மொழியாக இருக்கும் நாட்டவர்களுக்குத்தான் பொதுவாக ஆங்கில ஆசிரியர் ஒர்க் பெர்மிட் கிடைக்கும், அதோடு 2021ல் அங்கே தனியார் டியூஷன் மையங்களுக்கு அரசு கடும் கட்டுப்பாடு போட்டதில் அந்தச் சந்தையே சுருங்கிவிட்டது. ஜப்பானில் 12 வருடம் ஆங்கில வழியில் படித்தீர்களா என்று கேட்பார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அப்புறம் பணத்தைப் பற்றி யோசிக்கலாம். தாய்லாந்தில் நமக்கு வழி இருக்கிறது, ஆனால் டிகிரி வேண்டும், டோயிக் போன்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் வேண்டும் (600 என்பது வழக்கமாகக் கேட்பது), வேலைக்குப் போகிறவர்களுக்கான நான்-இமிக்ரன்ட் பி விசா, ஒர்க் பெர்மிட், அங்குள்ள ஆசிரியர் கவுன்சிலான குருசபாவின் அனுமதி என்று வரிசையாக இருக்கிறது. வளைகுடாவில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு நம் பி.எட். நன்றாகவே செல்லும்.

எந்த விசா என்ற கேள்விக்கு 'முதல்ல டூரிஸ்ட் விசால போயிருங்க கண்ணு, அங்க போனதும் பள்ளிக்கூடத்துல மாத்திக் குடுத்துருவாங்க' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. டூரிஸ்ட் விசாவில் வகுப்பெடுப்பது அந்த நாட்டில் குற்றம், மாட்டினால் ஜெயிலில் இருப்பதும் திருப்பி அனுப்பப்படுவதும் நீங்கள்தான், பணம் வாங்கியவர் காந்திபுரத்தில் ஏசி ரூமில் இருப்பார். இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்களை, தமிழர்கள் உட்பட, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்துவைத்தது 2022ல் வெளியே வந்தது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஐ.டி. வேலை. இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிற பிள்ளைகள்தான் அந்தக் கும்பலுக்குத் தேவை, அதனால் ஆசிரியர் வேலை தேடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

அடுத்தது பதிவு. 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு செய்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்சியின் பெயரையோ லைசென்ஸ் எண்ணையோ போட்டுத் தேடினால் அது நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, ரத்தா என்று காட்டிவிடும். தோட்டம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கிற ஆள் நம்ம ஊரில் கிடையாது, இதையும் அப்படியே செய்யுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், ஜி.எஸ்.டி. பதிவு, கடை லைசென்ஸ் இதெல்லாம் ஆள் எடுக்கும் லைசென்ஸ் ஆகாது. ஐ.இ.எல்.டி.எஸ். கோச்சிங் நடத்துகிறவர்களும், வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புகிறவர்களும் 'வேலையும் வாங்கித் தருகிறோம்' என்பார்கள், அவர்களிடமும் அந்த எண்ணைக் கேளுங்கள். 'சென்னை ஆபீஸ் பேர்ல இருக்குதுங்க, நாங்க கிளை' என்றால், இந்தக் கிளை முகவரி பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பணம். பதிவு பெற்ற ஏஜெண்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சர்வீஸ் சார்ஜ் ரூ.30,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் ரூ.35,400. அவ்வளவுதான். ரசீதும் கொடுத்தாக வேண்டும். துபாய், அபுதாபி என்றால் இன்னும் ஒரு படி மேலே, ஆள் எடுக்கும் செலவை வேலைக்கு வருகிறவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக்கூடாது என்று 2021ஆம் வருடத்து ஐக்கிய அரபு அமீரகத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்களைப் பிடித்துக் கொடுக்கும் பல ஏஜென்சிகளுக்கு அந்தப் பள்ளிகளே கமிஷன் கொடுக்கின்றன. அப்படியிருக்க உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் 'பள்ளி உங்களுக்கு எவ்வளவு தருகிறது' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்த 30,000 வரம்பு தெரிந்த ஆட்கள் அதைச் சுற்றிப் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோபி பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு வேலை வராமல் ரசீதை எடுத்துக்கொண்டு வந்து காட்டியது. வேலை, பிளேஸ்மென்ட் என்ற பேச்சே அந்தத் தாளில் இல்லை. 'டெஃபல் பயிற்சிக் கட்டணம்' (டெஃபல் என்பது ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரும் சான்றிதழ்ப் படிப்பு) என்று ஒரு வரி, 'ஆலோசனைக் கட்டணம்' என்று ஒரு வரி, கீழே பொடி எழுத்தில் 'கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது'. அதோடு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், ஒரு ஆன்லைன் இன்டர்வியூ ஏற்பாடு செய்து கொடுத்ததும் நிறுவனத்தின் கடமை முடிந்தது என்று இருந்தது. இன்டர்வியூ நடந்திருக்கிறது, பயிற்சிக்கு பி.டி.எஃப். அனுப்பியிருக்கிறார்கள், தாளின்படி பார்த்தால் அவர்கள் எல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் ரசீதில் 'இன்ன நாட்டில், இன்ன பள்ளியில் வேலை ஏற்பாடு செய்வதற்கான சர்வீஸ் சார்ஜ்' என்று எழுதி வாங்குங்கள். ஒர்க் விசா வராவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும், வாயால் சொல்வது எதற்கும் உதவாது. பணத்தை பேங்க் மூலம் நிறுவனத்தின் கணக்குக்குப் போடுங்கள், தனி ஆள் ஜி.பே. எண்ணுக்கோ கையில் ரொக்கமாகவோ வேண்டாம். ஆஃபர் லெட்டர் வரும் முன் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், பெரிய பகுதியை விசா நகல் கைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாத ஏஜென்சி போகட்டும். டெஃபல் சான்றிதழ் தேவைப்பட்டால் தனியாக நீங்களே படித்துக்கொள்ளலாம், 120 மணி நேரப் படிப்பு என்பது பொதுவான அளவு. கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குச் செலவு அதிகம், ஆனால் அதில் நிஜ மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வைப்பார்கள், மதிப்பும் அதிகம்.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதா, அதிலுள்ள போன் எண்ணுக்குப் பேசாதீர்கள். பள்ளியின் இணையதளத்தை நீங்களே தேடி அங்கிருக்கும் எண்ணுக்குப் பேசி, இந்தப் பெயரில் இந்த வேலை கொடுத்தீர்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் இந்திய ஆசிரியர் ஒருவரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள், நல்ல பள்ளி தயங்காது. சம்பளம் எந்தப் பணத்தில், வாரத்துக்கு எத்தனை பீரியட், ஒர்க் பெர்மிட் செலவு யாருடையது, டிக்கெட் யார் போடுவது, பாதியில் விட்டால் அபராதம் என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவைக்காதீர்கள். இங்கே சில தனியார் பள்ளிகளே சேரும்போது ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வதால் நம் ஆசிரியர்களுக்கு அது பெரிய விஷயமாகவே தெரிவதில்லை, அப்புறம் ரீஃபண்ட் கேட்டால் சர்டிபிகேட்டைக் காட்டி மிரட்டுவார்கள். அட்டெஸ்டேஷனுக்கு (சர்டிபிகேட் உண்மைதான் என்று அரசு முத்திரை வாங்க) அனுப்பத்தான் வேண்டும் என்றால் என்னென்ன கொடுத்தீர்கள், எப்போது திரும்பும் என்று கையெழுத்து வாங்குங்கள். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு ஏஜெண்டே வேண்டாம், பாஸ்போர்ட் சேவா தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவு கவனம் எதற்கு, ஏஜென்சியே இல்லாமல் போக முடியாதா என்றால், வளைகுடாவுக்கு நிச்சயம் முயன்று பார்க்கலாம். வெளிநாட்டில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் சி.பி.எஸ்.இ. தளத்தில் இருக்கிறது, ஒவ்வொரு பள்ளியின் தளத்துக்கும் போய் நேராக விண்ணப்பிக்கலாம். அமீரகத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும், ஆகவே டிசம்பரிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். தாய்லாந்தில் மே மாதம் வருடம் தொடங்கும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து சென்னையில் இருக்கிறது, அதன் தளத்திலும் பதிந்து வையுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம், ஏமாற்றியது ஏஜென்சிக்காரர்கள். வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் ரீஃபண்ட் கேட்டு மெயில் அனுப்புங்கள். ஆன்லைனில் பணம் போய் ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் மெயிலுக்குக் காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். லைசென்ஸ் இல்லாத ஏஜெண்ட் என்றால் போலீசில் புகார் கொடுப்பதோடு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், ஆனால் பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.